சீரியல் ஓடும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள்

விஸ்காம், இதழியல், மக்கள் தொடர்பியல் என்று எந்தப் பெயரில் படித்தாலும் கடைசி செமஸ்டரில் ஒரு ப்ராஜெக்ட் வந்து நிற்கும். அதற்கு வரும் தலைப்புகளில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை. 'தொலைக்காட்சித் தொடர்கள் இல்லத்தரசிகளிடம் ஏற்படுத்தும் தாக்கம்: ஓர் ஆய்வு.' இல்லத்தரசிகளை எடுத்துவிட்டு இளைஞர்களைப் போட்டு, தொடர்களை எடுத்துவிட்டு ரீல்ஸைப் போட்டால் பக்கத்து பெஞ்ச் மாணவரின் தலைப்பு தயார். அதன் பிறகு நடப்பதும் ஊரறிந்த கதை. 25 கேள்விகளோடு ஒரு கூகுள் ஃபார்ம், அதை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு 'ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க', 120 பதில், கலர் கலராகப் பை சார்ட். கடைசி அத்தியாயத்தில் தாக்கம் இருப்பது 'கண்டறியப்படும்'. கேள்வித்தாள் எழுதும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்த முடிவு அது.

மாணவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. நாலு மாதம், கையில் காசில்லை, கைடுக்கு இன்னும் எட்டுப் பேர் ப்ராஜெக்ட். ஆனால் அதே நாலு மாதத்தில், அதே பஸ் செலவில், படிக்கத்தக்க ஆய்வைச் செய்ய முடியும். தலைப்பிலிருந்து 'தாக்கத்தை' எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தாக்கம் என்று எழுதினால், சீரியல் வருவதற்கு முன் இப்படி இருந்தார்கள், வந்த பின் இப்படி ஆனார்கள், இடையில் வேறு எதுவும் காரணமில்லை என்று காட்ட வேண்டும். அதற்கு என்ன பாடு பட வேண்டியிருக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் கிராமத்துக்குக் கேபிள் டிவி வந்தால் பெண்களின் நிலை மாறுகிறதா என்று பார்த்து 2009-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் உண்டு. 2001 முதல் 2003 வரை மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்குப் போய் எடுத்த தரவு. மொத்தம் 180 இடங்கள். அந்த இடைவெளியில் புதிதாகக் கேபிள் வந்தவை 21 மட்டுமே. அந்த 21 இடங்களில் மனைவியை அடிப்பது தப்பில்லை என்ற எண்ணமும் ஆண் பிள்ளை விருப்பமும் குறைந்ததை, கேபிளே வராத ஊர்களோடும் முன்பே வந்திருந்த ஊர்களோடும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். அப்படியும், மக்கள் உண்மையில் மாறினார்களா, இல்லை எந்தப் பதில் 'நல்ல பதில்' என்று டிவி பார்த்துக் கற்றுக்கொண்டார்களா என்ற கேள்வி அந்த ஆய்வின் மேல் நிற்கத்தான் செய்கிறது. இதை ஒரே ஒரு தடவை நிரப்பிய கூகுள் ஃபார்மால் சாதிக்க முடியாது.

'அதிகம் பார்ப்பவர், குறைவாகப் பார்ப்பவர் என்று பிரித்து ஒப்பிட்டால் போதாதா?' என்ற கேள்வி அடுத்து வரும். அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னரின் பண்படுத்தல் கோட்பாடு இந்த வழியில்தான் வளர்ந்தது. அதிக நேரம் டிவி பார்ப்பவர்கள் உலகத்தை ஆபத்தானதாகக் காண்கிறார்கள் என்றார் அவர். 1980 வாக்கில் பால் ஹிர்ஷ் அதே தரவைத் திரும்ப எடுத்து, வயது, படிப்பு போன்றவற்றை ஒரே நேரத்தில் கட்டுப்படுத்திப் பார்த்தபோது தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. அதிகம் பார்ப்பவர்கள் யார்? வயதானவர்கள், வீட்டோடு இருப்பவர்கள், ராத்திரி வெளியே போகத் தயங்குகிறவர்கள். பயம் டிவியால் வந்ததா, பயத்தால் டிவி வந்ததா? நம் ஊரிலும் இதே சிக்கல்தான். நாளுக்கு ஐந்து சீரியல் பார்க்கும் அம்மாவுக்கும் ஒன்றுகூடப் பார்க்காத அம்மாவுக்கும் இடையில் சீரியல் மட்டுமா வேறுபாடு? வேலைக்குப் போவது, கைக்குழந்தை, ரிமோட் யார் கையில் என்று எத்தனையோ இருக்கிறது.

தாக்கத்தை விட்டால் என்னதான் கேட்பது? மூன்று கேள்விகள் மாணவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எப்படிப் பார்க்கிறார்கள், பார்த்ததை வைத்து என்ன செய்கிறார்கள், அது மற்றவர்களை என்ன செய்யும் என்று நினைக்கிறார்கள். பெயர் பெற்ற ஆய்வுகள் பலவும் இந்த அளவில்தான் நடந்தன. 1940-களில் ஹெர்டா ஹெர்சாக் அமெரிக்காவில் ரேடியோ தொடர் கேட்கும் பெண்களோடு பேசி, அழுது தீர்க்கவும், கனவு காணவும், வீட்டுப் பிரச்சினைக்கு யோசனை தேடவும் அவர்கள் கேட்பதைக் கண்டுசொன்னார். டேவிட் மார்லி 1980-களில் லண்டனில் 18 குடும்பங்களிடம் மட்டுமே பேசினார். ரிமோட் ஆண்கள் கையில் இருப்பதும், பெண்கள் வேறு வேலைக்கு நடுவில் குற்ற உணர்ச்சியோடு பார்ப்பதும் அந்தப் பதினெட்டிலேயே துலங்கிவிட்டன. நெதர்லாந்தில் இயென் ஆங் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்து, 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடர் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதச் சொன்னார். வந்தவை 42 கடிதங்கள். பார்வையாளர் ஆய்வு பற்றிய வகுப்புகளில் அந்த 42 கடிதங்கள் இன்றும் பேசப்படுகின்றன. நம் பக்கத்திலேயே, 1980-களின் நடுவில் மதுரையில் தங்கி, உழைக்கும் மக்களோடு சினிமா பற்றிப் பேசி எழுதிய சாரா டிக்கி இருக்கிறார்.

ஆக, தலைப்பை இப்படிச் சுருக்கலாம்: 'மாலை 6 முதல் 10 வரை, மாமியாரும் மருமகளும் ஒன்றாக வசிக்கும் எட்டு வீடுகளில், எந்தச் சேனல் ஓட வேண்டும் என்பது எப்படி முடிவாகிறது?' கைடு முதலில் முகம் சுளிக்கலாம், 'ரொம்பச் சின்னதா இருக்கே' என்று. சின்னதாக இருப்பதால்தான் இது முடியும்.

இனி அளவைக்கு வருவோம். ப்ராஜெக்டுகள் பெரும்பாலும் சாய்வது இங்கேதான். 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டிவி பார்ப்பீர்கள்? அ) 1 மணிக்குக் குறைவு ஆ) 1–2 இ) 2–4 ஈ) 4-க்கு மேல்.' சரியாக 2 மணி நேரம் பார்ப்பவர் 'ஆ'விலா 'இ'யிலா டிக் செய்வது என்பது சின்னப் பிழை. பெரிய பிழை கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மனியில் நோர்பெர்ட் ஷ்வார்ஸும் கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் ஒரு குழுவுக்கு 'அரை மணி வரை' என்று தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்று முடியும் பட்டியல். இன்னொரு குழுவுக்கு 'இரண்டரை மணி வரை' என்று தொடங்கி 'நாலரை மணிக்கு மேல்' என்று முடியும் பட்டியல். முதல் குழுவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். இரண்டாவதில் 37.5. கேள்வி ஒன்றுதான், மாறியது பட்டியல் மட்டும். பட்டியலின் நடுவில் இருப்பதுதான் ஊர் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் தங்களை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேரும். படித்த பெண்கள் சீரியல் பார்ப்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'நான் எங்க பாக்குறேன், அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்' என்பார்கள். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

தீர்வு பழையது, எளியது: நேற்றைப் பற்றிக் கேளுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு (2019, 2024) இந்த வழியில்தான் போனது. முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி நேரத் துண்டுகளாக. 1998–99-இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மாணவருக்கு முழு நாள் தேவையில்லை. மாலை 5 முதல் இரவு 11 வரை எடுத்துக்கொண்டால் 12 வரிசை. நாட்குறிப்பாக ஒரு ஏ4 தாளில் இந்தக் கட்டங்கள் போதும்: நேரம், முக்கிய வேலை, டிவி ஓடியதா, சேனலை வைத்தது யார், நீங்கள் இருந்த இடம், கண்ணால் பார்த்தீர்களா காதால் மட்டும் கேட்டீர்களா, கையில் போன் இருந்ததா. ஓர் ஆளுக்கு ஒரு வார நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். 40 பேரிடம் எடுத்தால் 960 வரிசை சேரும். 25 கேள்விக் கூகுள் ஃபார்ம் இதன் கிட்டேகூட வராது.

கேட்கும் விதம் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செஞ்சிட்டிருந்தீங்கக்கா?"

"ஆறு மணிக்கா... விளக்கேத்திட்டு பால் காய்ச்சிட்டிருந்தேன்."

"அப்ப டிவி ஓடுச்சா?"

"அத்தை போட்டிருந்தாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுப்படியில. சத்தம் கேக்கும்ல, அழுற சத்தம் வந்தா மட்டும் எட்டிப் பாப்பேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். எந்தப் பல்தேர்வுக் கேள்வியும் இதைப் பிடிக்காது. முக்கிய வேலை சமையல், டிவி ஓடுகிறது, வைத்தது மாமியார், இடம் அடுப்படி, காதால் கேட்கிறார், அழுகைச் சத்தம் கூப்பிட்டால் கண் போகிறது. தொலைக்காட்சி மதிப்பீட்டுக்காகப் பார்க் (BARC) என்ற நிறுவனம் நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. ஒளிபரப்பின் ஒலிக்குள் பதிந்திருக்கும் குறியீட்டை அது படிக்கும். வீட்டில் யார் பார்க்கிறார்களோ அவர்கள் தங்களுக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் அழுத்தியவர் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதை மீட்டர் அறியாது. மாணவரின் நோட்டுப் புத்தகத்துக்கு இடமிருப்பது அங்கேதான்.

'முக்கிய வேலை' எது என்பதைப் பதில் சொல்பவரே சொல்லட்டும், நீங்கள் தீர்மானிக்காதீர்கள். பூக்கட்டிக்கொண்டே சீரியல் பார்த்தவர் 'பூக்கட்டிட்டிருந்தேன்' என்பார், 'சீரியல் பாத்தேன்' என்றும் சொல்வார். எதை முதலில் சொன்னாரோ அது முக்கிய வேலை, மற்றது உடன் வேலை. இந்த விதியை முதல் வீட்டுக்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள், பத்தாவது வீட்டில் யோசிக்கத் தொடங்கினால் முதல் ஒன்பதும் வீண்.

வீட்டுக்கு எப்போது போவது? சேனல்கள் திங்கள் முதல் சனி வரை தங்கள் முக்கியத் தொடர்களை அடுக்கும் நேரம் மாலை 6 முதல் இரவு 10:30. அந்த நேரத்தில் போனால் கதவு திறந்தாலும் பேச்சு கிடைக்காது, கிடைத்தாலும் விளம்பர இடைவேளை அளவுக்குத்தான். சமையல் முடிந்த காலை 11 முதல் 12:30, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் முன் மாலை 3 முதல் 4 நன்றாக அமையும். வேலைக்குப் போகும் பெண்களை இந்த நேரத்தில் பிடிக்க முடியாது, அவர்களுக்கு ஞாயிறு காலை. பகலில் மட்டும் போய்விட்டு 'தமிழகப் பெண்கள்' என்று எழுதுவது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டும்.

மாதமும் முக்கியம். கடைசி செமஸ்டர் ஜனவரியில் தொடங்கினால் முதல் பாதியில் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகள், மார்ச்சில் பொதுத்தேர்வு, அதற்குள் ஐ.பி.எல். தொடங்கிவிடும். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச்சில் டிவி வாயை மூடிவிடும், பக்கத்து வீட்டில் ஏழரை மணிக்குச் சேனல் மாறிவிடும். பிப்ரவரியில் எடுத்த 20 நாட்குறிப்பும் ஏப்ரலில் எடுத்த 20 நாட்குறிப்பும் ஒன்றாகச் சேராது. தரவு எடுப்பதை பிப்ரவரியிலேயே முடிப்பது நல்லது. முடியாவிட்டால் தேதியைக் கட்டாயம் குறித்து, ஐ.பி.எல். நாட்களைத் தனியே பிரித்துக் காட்டுங்கள். ஐ.பி.எல். நாட்களே தலைப்பாக ஆனாலும் பழுதில்லை, ரிமோட் யுத்தத்துக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்பதற்குச் சொல்லப்படும் 384 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. பாதி ப்ராஜெக்டுகளில் இந்த எண் சாமி படம் போல மாட்டியிருக்கும். கணக்கு இதுதான்: 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96, அதன் வர்க்கம் ஏறத்தாழ 3.84. அதை 0.5 × 0.5 ஆல் பெருக்கி, 5 சதவீதப் பிழையின் வர்க்கமான 0.0025 ஆல் வகுத்தால் 384 வரும். 1970-இல் கிரெஜ்சி, மார்கன் இருவரும் வெளியிட்ட அட்டவணையில் பெரிய மக்கள்தொகைக்கு எதிரே நிற்பதும் இதே 384. மாதிரி அளவைக் கணக்கிடும் இன்னொரு வழியான யமானே சூத்திரம் போட்டால் 400. இந்தக் கணக்கு முழுக்க ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சமவாய்ப்பு இருக்க வேண்டும். வகுப்பு குரூப்பில் போட்டு, அவர்கள் சித்திக்கு அனுப்பி, சித்தி தன் தோழிக்கு அனுப்பி வந்த 384 பதில்களுக்கு அந்தச் சூத்திரம் ஒரு பாதுகாப்பும் தராது. 384 என்ன, 4,000 வந்தாலும் அது உங்கள் குரூப்பின் நீட்சிதான். பிழை எல்லை என்று பிளஸ்-மைனஸ் 5 சதவீதம் எழுதுவது அந்த இடத்தில் வெறும் அலங்காரம்.

கணக்கெடுப்புதான் செய்தாக வேண்டும் என்றால் எண்ணைக் குறைத்து ஒழுங்கைக் கூட்டுங்கள். ஒரே ஒரு வார்டு. தெருப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஆறு தெரு. ஒவ்வொரு தெருவிலும் வலது கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் ஐந்தாவது வீடு. பூட்டியிருந்தால் வேறு நாளில், வேறு நேரத்தில், இன்னும் இரண்டு தடவை. அப்புறமும் பூட்டியிருந்தால் 'கிடைக்கவில்லை' என்று குறித்துவிட்டு நகருங்கள், பக்கத்து வீட்டை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். எப்போதும் திறந்திருக்கும் வீடு எப்போதும் ஆள் இருக்கும் வீடு, அங்கே டிவியும் கூடுதலாக ஓடும். அபார்ட்மென்ட் வந்தால் செக்யூரிட்டி விடமாட்டார். சங்கச் செயலாளருக்குக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம், ஒரு வாரம் முன்னதாக. இப்படிச் சேர்த்த 90 வீடு, ஆன்லைனில் குவிந்த 384-ஐ விட எவ்வளவோ மேல். எத்தனை கதவு தட்டினீர்கள், எத்தனை திறந்தன, எத்தனை பேர் மறுத்தார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியே மற்ற ப்ராஜெக்டுகளிலிருந்து உங்களுடையதைப் பிரித்துக் காட்டும்.

ஐந்து புள்ளி அளவுகோல் இன்னொரு கண்ணி. 'முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை...' என்று தாளில் அச்சடித்திருக்கும். அறுபது வயது அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினால் மூன்றாவது வாசகத்துக்கு வருவதற்குள் முதலாவது மறந்திருக்கும். 'ஆமாப்பா, ஆமா' என்பார். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான், காரணம் கருத்து அல்ல, மரியாதை. வீடு தேடி வந்த பிள்ளையிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு படியாகக் கேட்டால் சரியாகும். முதலில் 'இது சரிங்கிறீங்களா, இல்லைங்கிறீங்களா?' பதில் வந்ததும் 'ரொம்பவா, கொஞ்சமா?' நான்கு நிலை கிடைத்துவிடும். 'எனக்குத் தெரியல' என்பதைத் தனிக் கட்டமாக வையுங்கள். நடுநிலையும் தெரியாததும் ஒன்றல்ல, இரண்டையும் 3 என்று போட்டால் சராசரி பொய் பேசும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு கேள்வி ஒளிந்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது. 'சீரியல்கள் குடும்ப உறவுகளைக் கெடுப்பதோடு பிள்ளைகளின் படிப்பையும் பாதிக்கின்றன.' உறவைக் கெடுக்கிறது, படிப்பைப் பாதிக்கவில்லை என்று நினைப்பவர் என்ன செய்வார்? கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்து பேரிடம் முன்சோதனை செய்யுங்கள். பதிலை வாங்கிக்கொண்டு போகாமல், 'இந்தக் கேள்விய உங்க பாஷையில திருப்பிச் சொல்லுங்க ஆன்ட்டி' என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள், ஆன்ட்டியை அல்ல.

எண்களோடு விளையாட விரும்புகிறவர்களுக்கு ஓர் அருமையான சிறு ஆய்வு உண்டு. மூன்றாம் நபர் உணர்வு என்று டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் 1983-இல் எழுதினார். ஊடகம் என்னைப் பெரிதாக மாற்றாது, ஆனால் மற்றவர்களை மாற்றிவிடும் என்று நினைப்பது மனித சுபாவம் என்பது சாரம். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு இதைவிடப் பொருத்தமான கோட்பாடு ஏது? உடல்நலம் பற்றிய ஒரு ஃபார்வர்டை நீங்களே தயாரியுங்கள், அதில் ஆபத்தான அறிவுரை எதுவும் இருக்கக் கூடாது. அதைக் காட்டி 1 முதல் 7 வரை மூன்று மதிப்பெண் வாங்குங்கள்: இது உங்களை எவ்வளவு நம்பவைக்கும், உங்கள் வீட்டில் மற்றவர்களை எவ்வளவு, ஊரில் பொதுவாக உள்ளவர்களை எவ்வளவு. பாதிப் பேருக்கு வரிசையைத் தலைகீழாக மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் வித்தியாசம் வரிசையால் வந்ததா எண்ணத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்ணை ஒப்பிடுவதால் 60 முதல் 80 பேர் இருந்தாலே நல்ல பெரிய இடைவெளி தெரிந்துவிடும், ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்ணை ஒப்பிடும் இணை டி-சோதனை போதும். தான், வீட்டார், ஊரார் என்று தூரம் கூடக் கூட மதிப்பெண் ஏறினால் அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. முடித்த கையோடு ஃபார்வர்ட் நீங்கள் தயாரித்தது என்று சொல்லிவிட வேண்டும், அதைப் போனில் அனுப்பவே கூடாது. காகிதத்தில் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் உங்கள் குடும்ப குரூப்புக்கே அது வந்து சேரும்.

நேர்காணல் பக்கம் வருவோம். எட்டு வீடு, வீட்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு 45 நிமிடம் என்றால் 12 மணி நேர ஒலிப்பதிவு. தமிழ் பேச்சை எழுத்தாக்க ஒரு மணி நேரப் பதிவுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் போகும், ஆக 72 மணி நேரம். இதை அட்டவணையில் போடாதவர்கள்தான் கடைசி வாரத்தில் 'நேர்காணல் சுருக்கம்' என்று இரண்டு பக்கம் எழுதி ஒப்பேற்றுகிறார்கள். தானியங்கி மென்பொருள் செய்தித்தமிழை ஓரளவு பிடிக்கும், 'அவ என்னா பண்ணுவா பாவம்' என்ற வேகத்துக்கு வந்தால் தடுமாறும். முதல் நகலுக்கு அதைப் பயன்படுத்தலாம், காதால் கேட்டுத் திருத்தாமல் மேற்கோள் எடுக்கக் கூடாது. மேற்கோளைப் பேச்சுத்தமிழிலேயே விடுங்கள். 'தொடர்கள் மன அமைதியைக் குலைக்கின்றன' என்று எந்த அம்மாவும் வாயால் சொன்னதில்லை.

மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். மாமியார் பேசுவார், மருமகள் சிரிப்பார், உங்களுக்கு ஒரே பேட்டிதான் மிஞ்சும். தனித்தனியாக எடுப்பது தகவலுக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் 'அக்கா இப்படிச் சொன்னாங்களே' என்று தப்பித்தவறியும் இழுக்காதீர்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் அவர்கள் வாழ வேண்டும். ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், குக்கர் விசில் அடங்கட்டும், போனை ஏர்பிளேன் மோடில் போட்டு ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சம்மதத்தை எளிய தமிழில் வாசித்து, 'சரி' என்று அவர் சொல்வதையும் சேர்த்தே பதியுங்கள். கோப்புக்கு 'வீடு 3, ஆள் 2' என்று பெயர் வையுங்கள். பெயரும் போன் நம்பரும் வேறு தாளில், வேறு உறையில். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

எழுத்தாக்கிய பின் முதல் நான்கு பேட்டிகளைப் படித்து, வரிக்கு வரி ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள்: 'ரிமோட் விட்டுக்கொடுத்தல்', 'சமையலைச் சீரியல் நேரத்துக்கு மாற்றுதல்', 'பாத்திரத்தைத் திட்டி மறைமுகமாக வீட்டாரைத் திட்டுதல்'. கடைசியில் சொன்னது கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. குடும்பத்துக்குள் உறவாடவும் விலகவும் டிவியைக் கருவியாக்குகிறார்கள் என்று 1980-இல் ஜேம்ஸ் லல் எழுதியதன் உயிருள்ள தமிழ் வடிவம் அது. 30, 40 குறிப்புகள் சேரும். அவற்றை ஐந்தாறு தலைப்பாகத் தொகுத்து, மீதி 12 பேட்டிகளை அந்தத் தலைப்புகளோடு உரசிப் பாருங்கள். எதிலும் அடங்காத ஆள் ஒருவர் வருவார். அவரைத் தூக்கிப் போட்டுவிடாமல் அரைப் பக்கம் அவருக்குக் கொடுங்கள்.

புள்ளியியல் மென்பொருளில் வரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். ஓர் அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்பா 0.7-க்கு மேல் வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அது மைனஸில் வந்தால் அலறுவார்கள். எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பிக் குறியிட மறந்ததுதான் காரணமாக இருக்கும், ஐந்து புள்ளி என்றால் 6-இலிருந்து கழியுங்கள். இரண்டு வகைப்பாடுகளுக்கு இடையில் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையில் ஐந்து வயதுக் குழுவையும் ஆறு படிப்பு நிலையையும் வைத்து 120 பேரை 30 அறைகளில் பிரித்தால் பல அறைகளில் எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போய்விடும், சோதனை செல்லாது. குழுக்களை இணைத்து இரண்டு மூன்றாக்குங்கள். 20 சோதனை ஓட்டினால் சராசரியாக ஒன்றின் p-மதிப்பு தற்செயலாகவே 0.05-க்குக் கீழே வரும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுரை எழுதாதீர்கள். எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதை தரவு எடுக்கும் முன்பே எழுதி, கைடிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வைவாவில் புறத் தேர்வாளர் புள்ளிவிவரத்தை அதிகம் தோண்டுவதில்லை. 'ஏன் இந்த எட்டு வீடு?', 'மறுத்தவர்கள் எத்தனை பேர்?', 'ஒரு நாட்குறிப்புத் தாளைக் காட்டுங்க' என்பவைதான் வரும் கேள்விகள். பைண்டிங் செய்த புத்தகத்தோடு நிரப்பிய தாள்களின் கட்டையும் பையில் எடுத்துச் செல்லுங்கள், பெயர் உள்ள உறையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு. மதிப்பெண் வந்ததும் அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒலிப்பதிவுகளைப் போனிலிருந்தும் டிரைவிலிருந்தும் அழித்துவிடலாம். எழுத்தாக்கிய பிரதியில் தெருப் பெயர், கடைப் பெயர், பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பார்த்து நீக்கிய பிறகு, துறை நூலகத்தில் ஒரு நகல் வையுங்கள். அடுத்த வருஷம் வரும் மாணவர் அதே கேள்விகளோடு வேறு ஊருக்குப் போகலாம்.